மதிப்பெண் நோட்டின் கடைசி வரி

சார்,

நேற்றுக் காலை உங்கள் மகள் நஸீரா என் கைப்பேசிக்கு ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தாள். உங்கள் மதிப்பெண் நோட்டின் கடைசிப் பக்கம். பின்னட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு அச்சிட்ட அந்தப் பள்ளிக்கூட நோட்டை எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். நம்முடைய நான்கு ஆண்டு வியாழக்கிழமைகள் அதில் இருக்கின்றன. அளவுகோல் வைத்துப் போட்ட கோடுகள், கோட்டைத் தொடாமல் நிற்கும் உங்கள் சின்ன எழுத்து, பச்சை மை. கடைசி வரியில் ஒரு தேதி, ஒரு படத்தின் பெயர். அதற்கு நேராக, என் மதிப்பெண் இருக்க வேண்டிய கட்டத்தில், ‘வருகை இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

கீழே நஸீரா கேட்டிருந்தாள்: “அங்கிள், அன்னிக்கு நீங்க தேக்காவுக்குப் போகலையா? வாப்பா காலையில போன்ல, உங்களப் பாக்கத்தான் கிளம்புறேன்னு சொன்னாரே.”

நான் போனேன், சார். உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் தொடாமல் வைத்திருந்த வடையையும் நான்தான் சாப்பிட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தோம். இத்தனை ஆண்டு வேலையில் ஒரு மாணவனுக்குக்கூட வருகையைத் தப்பாகப் போடாத மனிதர் நீங்கள். கைப்பேசியைத் தள்ளிவைத்துப் பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். எழுத்து மாறவில்லை.

மேசை இழுப்பறையைத் திறந்தேன். பழைய மூக்குக்கண்ணாடிக்கும் தீர்ந்துபோன பேட்டரிகளுக்கும் அடியில் உங்கள் தம்ப் டிரைவ் கிடந்தது. தொலைந்துவிடக் கூடாதென்று நீங்கள் கட்டிக் கொடுத்த சிவப்பு நூல் அப்படியே இருந்தது. அந்தக் கடைசி வரியில் இருக்கும் படம் அதில்தான் இருக்கிறது. நீங்கள் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. அதற்கும் முன்பிருந்தே அது என் இழுப்பறையில் இருக்கிறது. நூலைப் பிடித்துத் தூக்கினேன். அதற்குள் என்னைப் பற்றி ஏதோ இருக்கிறது என்று பட்டது.

உதாரணம் இல்லாமல் எனக்கு எதையும் சொல்ல வராது என்று கேலி செய்வீர்கள். இதையும் ஓர் உதாரணத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. நமக்கு வேண்டிய உதாரணம்தான், யானை.

நாம் ஒரே உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்த்த காலம். நீங்கள் கணக்கு, நான் தமிழ். ஆசிரியர் அறையில் அடுத்தடுத்த மேசை. என் வகுப்பில் ஒரு மாணவி, படிக்காத கதைப் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதிக் கொடுத்தாள். கதை மிக அருமை, முடிவு மனத்தைத் தொட்டது என்று ஒரு பக்கம். எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும் பக்கம். நான் திட்டவில்லை. அந்த யானை வரும் இடம் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டேன். அந்தப் புத்தகத்தில் யானையே கிடையாது. அவள் கொஞ்சமும் தயங்காமல், “யானை ரொம்பப் பாவம் சார்” என்றாள்.

இதை ஆசிரியர் அறையில் சொன்னபோது நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். “இந்த வித்தை எனக்கு உதவாது சார். கணக்குல யானை வந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிடும் லா,” என்றீர்கள். அன்றிலிருந்து நமக்குள் பூசி மெழுகும் பேச்சுக்கு யானை என்று பெயர். ஆசிரியர் கூட்டங்களில் யாராவது புள்ளிவிவரத்தோடு நீட்டி முழக்கினால், நீங்கள் முகத்தை அசைக்காமல் என் பக்கம் சாய்ந்து, “யானை போகுது சார், வழி விடுங்க” என்பீர்கள். நான் சிரிப்பை இருமலாக மாற்றிச் சமாளிப்பேன்.

இத்தனை ஆண்டுப் பழக்கத்திலும் நாம் ஒருவரை ஒருவர் சார் என்று கூப்பிடுவதை விடவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. உங்கள் மனைவி இரண்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, நான்கு மாதம் மருத்துவமனையில் கிடந்து, வீட்டுக்குத் திரும்பாமலே போனார். அந்த நான்கு மாதத்தைப் பற்றி நீங்கள் என்னிடம் ஒரே ஒரு முறைதான் பேசினீர்கள். “கடைசி வரைக்கும் வீட்டுக்குப் போகலாம், வீட்டுக்குப் போகலாம்னுதான் சார் சொல்லிட்டு இருந்தா.” அதோடு நிறுத்திக்கொண்டீர்கள். பிறகு புக்கிட் பாஞ்சாங் வீட்டில் தனியாக இருந்தீர்கள். நஸீரா கணவன் பிள்ளைகளோடு தெம்பனிஸில். நான் பூன் லேயில். வாரத்தில் ஒரு நாள் நகர நடுவில் தேக்கா சந்தையில் சந்திப்போம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வேண்டாம், வியாழன் காலை பத்து மணி. உணவங்காடியில் ஓரமாக, மின்விசிறிக்குக் கீழே இருக்கும் மேசை.

வெறுமனே உட்கார்ந்து பேசினால் நோய்ப் பேச்சாகத்தான் போகும் என்று சொல்லி, நீங்கள் ஒரு பாடத்திட்டம் போட்டீர்கள். வாரா வாரம் ஒருவர் மற்றவருக்கு ஒரு பாட்டு, ஒரு படம், ஒரு தொலைக்காட்சித் தொடர் எழுதிக் கொடுக்க வேண்டும். “நல்லதுன்னு ஊர் சொல்றது வேணாம் சார். உங்களுக்குப் பிடிச்சது வேணும். பிடிச்சதச் சொன்னாத்தான் ஆளு தெரியும்,” என்றீர்கள். அடுத்த வியாழன் வாய்மொழித் தேர்வு. மூன்று கேள்வி, பத்து மதிப்பெண். பார்க்க முடியாமல் போனால் ‘பார்க்கல’ என்று சொல்லிவிட்டால் போதும். வருகை இல்லை என்று போட்டுவிட்டு, மறுவாரம் மறுதேர்வு. அதற்கு மதிப்பெண் குறையாது. இன்னொரு விதியும் நீங்கள் சேர்த்தீர்கள். “நமக்குள்ள யானை வேணாம் சார். ரெண்டு பேருக்கும் வயசாச்சு, தாங்காது.”

எத்தனை சண்டை போட்டிருப்போம். உங்களுக்கு ஒரு பழைய பாட்டு உயிர். அதன் இரண்டாவது சரணத்தில் புல்லாங்குழல் ஒரு நொடி பிந்தி வரும். அது வாசித்தவரின் பிழை என்பேன் நான். வேண்டுமென்றே செய்தது என்று நீங்கள் மேசையில் தாளம் தட்டி நிரூபிப்பீர்கள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குப் பிடித்தவை குடும்பத் தொடர்கள். அவற்றைப் பார்த்துவிட்டு வந்து, “உங்க தொடர்ல ஒரு பொம்பள மாடிப்படி இறங்குறதுக்கு மூணு நாள் ஆகுது சார். நான் அதுக்குள்ள உம்ரா பயணம் போயிட்டு வந்துடுவேன்,” என்பீர்கள். ஆனாலும் பார்ப்பீர்கள். மூன்று கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்வீர்கள். உங்களுக்குப் பிடித்தவை துப்பறியும் தொடர்கள். கொலைகாரன் யார் என்று மூன்றாவது பகுதியிலேயே கண்டுபிடித்து ஒரு துண்டுத்தாளில் எழுதி மடித்து என் சட்டைப்பையில் வைத்துவிடுவீர்கள். முடிவைப் பார்த்த பிறகுதான் நான் பிரிக்கலாம். முடிவை முன்கூட்டிச் சொல்பவனைப் போல் கெட்டவன் உலகத்தில் கிடையாது என்பது உங்கள் கட்சி.

அதனால்தான், இப்போது நினைத்தால், அந்த மாதங்கள் எனக்கு உறுத்துகின்றன.

முதலில் உங்கள் சீட்டில் தொடர் இல்லாமல் போயிற்று. பாட்டும் படமும் மட்டும். ஏன் என்று கேட்டேன். “எத்தனை எபிசோட் பாக்கின்னு தெரியாம ஒண்ண ஆரம்பிக்கிறது சரியில்ல சார்,” என்றீர்கள். நான் சிரித்தேன். பிறகு நான் ஒரு நீளமான தொடரை எழுதிக் கொடுத்தபோது, சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இதோட முடிவ மட்டும் சொல்லிடுங்க சார்,” என்றீர்கள். நீங்கள். நான் அதற்கும் சிரித்துவிட்டு, முடிவைச் சொன்னேன். நீங்கள் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினீர்கள்.

தேநீர் பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர் ஆயிற்று. அதுவும் போய் வெந்நீர் ஆயிற்று. இடுப்புவாரில் நீங்களாகவே குத்திய புதிய ஓட்டை ஒன்று தெரிந்தது. இளைத்துவிட்டீர்களே என்றேன். “நோன்பு வருதுல்ல சார், இப்பவே பழகிக்கிறேன்,” என்றீர்கள். நோன்புக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. முப்பத்தைந்து ஆண்டு பிள்ளைகளின் முகத்தைப் படித்துப் பிழைத்தவன் நான். கடைசி வரிசையில் ஒருவன் வயிற்றுவலியோடு உட்கார்ந்திருந்தால் கரும்பலகையில் எழுதும்போதே எனக்குத் தெரியும். எதிரில், கை நீட்டும் தூரத்தில் இருந்த உங்களை நான் படிக்கவில்லை.

பிறகு அந்த வியாழன் வந்தது. சீட்டு இல்லை. சிவப்பு நூல் கட்டிய தம்ப் டிரைவை மேசைமேல் வைத்தீர்கள். “இந்த வாரம் இது ஒண்ணுதான். மெதுவாத்தான் போகும் சார். முழுசாப் பாருங்க. பாத்துட்டு வாங்க, பேசணும்,” என்றீர்கள். வழக்கமாக ‘கேக்குறேன்’ என்பீர்கள். அன்று ‘பேசணும்’ என்றீர்கள். அந்த வேறுபாட்டை நான் நேற்றுத்தான் கவனித்தேன்.

நம் இருவருக்கும் தெரியாத மொழியில் எடுத்த படம். ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். இரண்டே முக்கால் மணி நேரம். அந்த வாரம் என் குடும்பத் தொடரின் கடைசி வாரம், சார். ஏழு ஆண்டு பார்த்த தொடர். மாமியாரும் மருமகளும் சமாதானம் ஆகப் போகிற வாரம். திங்கள் பார்க்கலாம் என்றேன், செவ்வாய் பார்க்கலாம் என்றேன். வியாழன் காலை எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்துகொண்டு கைப்பேசியில் அந்தப் படத்தின் பெயரைத் தேடினேன். இரண்டு வரி கிடைத்தது. வறண்டுபோன ஒரு மலை நகரம். அங்கே தண்ணீர் லாரி ஓட்டும் ஒரு முதியவரின் வாழ்க்கைப் போராட்டம். போதும் என்று நினைத்தேன். எப்படிப் பூசி மெழுகுவது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

‘பார்க்கல’ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். விதி அதற்கு இடம் கொடுத்தது. ஏன் சொல்லவில்லை என்று யோசித்தால், கிடைக்கும் காரணம் மிகச் சின்னது. அந்த நோட்டில் என் பெயருக்கு நேரே அதுவரை ஒரு ‘வருகை இல்லை’கூட இல்லை. உங்களுக்கு நான்கைந்து இருந்தன. அந்தப் பெருமையை விட மனமில்லை.

நீங்கள் வெந்நீர்க் குவளையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டீர்கள்.

“படம் பாத்தீங்களா சார்?”

“பாத்தேன் சார். என்ன ஒரு நடிப்பு.”

“கடைசியில அந்த மனுஷன் எடுத்த முடிவு, அது சரின்னு நினைக்கிறீங்களா?”

லாரியை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போயிருப்பார் என்று நான் ஊகித்தேன். “சரிதான் சார். வேற என்ன செய்ய முடியும்? அந்த வயசுல யாரா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பாங்க,” என்றேன்.

வெந்நீர்க் குவளையை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தீர்கள். பிறகு, “வீட்டுல யார்கிட்டயும் சொல்லாமலா சார்?” என்றீர்கள்.

“சொன்னா மட்டும் என்ன மாறிடப் போகுது?”

இதை நான்தான் சொன்னேன், சார். வடையைப் பிட்டுக்கொண்டே சொன்னேன்.

உணவங்காடியின் இரைச்சல் எல்லாம் அந்த நேரத்தில் இருந்திருக்கும். என் நினைவில் அது இல்லை. நீங்கள் மேசையில் ஒரு விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. பிறகு தலையைத் தூக்காமல் கேட்டீர்கள். “மழை வர்ற இடம் எப்படி இருந்துச்சு சார்?”

வறட்சிப் படம் என்றால் முடிவில் மழை பெய்யத்தானே வேண்டும். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. “அதக் கேக்கணுமா சார்? கண்ணு கலங்கிடுச்சு,” என்றேன்.

அப்போது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தீர்கள். கோபம் இல்லை. விடை மட்டும் இருந்து வழிமுறை இல்லாத கணக்கைப் பார்ப்பீர்களே, அந்தப் பார்வை. “சரி சார்,” என்றீர்கள். எத்தனை மதிப்பெண் என்று நான் கேட்டேன். வீட்டில் போய்ப் போட்டுக்கொள்வதாகச் சொன்னீர்கள். தம்ப் டிரைவைத் திருப்பி நீட்டினேன். “இருக்கட்டும் சார். வெச்சுக்கோங்க. அவசரமில்ல.”

அடுத்த வியாழனும் அதை எடுத்து வந்தேன். இருக்கட்டும் என்றீர்கள்; புதிதாக எதுவும் எழுதித் தரவில்லை. அதற்கடுத்த வியாழன் நீங்களாகவே, “அதுல படம் இன்னும் இருக்குல்ல சார்?” என்று கேட்டீர்கள். இருக்கிறது என்றேன். எதையாவது அழித்து வேறு படம் போட்டுக்கொள்ளக் கேட்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது வியாழன் நீங்கள் எதுவும் கேட்கவில்லை. நோட்டை எடுத்து வர மறந்துவிட்டேன் என்றீர்கள். கிளம்பும்போது என் தோளில் கை வைத்து, வைத்தபடியே பூ விற்கும் கடைகள் வரைக்கும் நடந்து வந்தீர்கள். நீங்கள் அப்படிச் செய்கிறவர் இல்லை. அது மாதத்தின் கடைசி வியாழன்.

அதன் பிறகு முழங்கால் வலி என்று பல வாரம் நீங்கள் வரவில்லை. வந்த வாரங்களிலும் தேர்வு இல்லை. நோன்புப் பெருநாள் கழிந்து பத்து நாளில் நஸீரா அழைத்தாள். மருத்துவமனைக்குக் கொண்டுபோன மறுநாளே எல்லாம் முடிந்துவிட்டது.

சுவா சூ காங்கில் உங்களை அடக்கம் செய்துவிட்டு உங்கள் அடுக்குமாடி புளோக்குக்குத் திரும்பினோம். கீழ்த்தளத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நஸீரா என்னைத் தனியே அழைத்துக் கேட்டாள். முந்தைய ஆண்டே மருத்துவர்கள் கட்டியைக் கண்டு சொல்லிவிட்டார்களாம். வீட்டில் ஒருவருக்கும் தெரியாதாம். “உங்ககிட்டயாவது சொன்னாரா அங்கிள்?”

“என்கிட்ட ஒண்ணும் சொல்லலம்மா,” என்றேன். அன்று அது பொய் இல்லை. எனக்குத் தெரிந்த அளவில் அது உண்மை. அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். என் மனைவி சொல்லச் சொல்லக் கேளாமல் நான் அந்த வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், உங்கள்மீது கோபத்தோடு. நாற்பது ஆண்டு நண்பனிடம் ஒரு சொல் சொல்லவில்லையே என்ற கோபம். அந்தக் கோபத்தைப் பதினொரு மாதம் வைத்திருந்தேன்.

நேற்று அந்தப் புகைப்படம் வந்த பிறகு நஸீராவைக் கூப்பிட்டேன். உங்கள் வீட்டை ஒப்படைப்பதற்காகச் சாமான்களை ஒழித்துக்கொண்டிருக்கிறாளாம். நோட்டுக்குள் மருத்துவமனைக் கடிதம் ஒன்று மடித்து வைத்திருந்ததாம். அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதமா இல்லையா என்று அந்த மாத இறுதிக்குள் தெரிவிக்கச் சொல்லும் கடிதம். அதன் பின்பக்கத்தில் நீங்கள் நடுவில் கோடு போட்டு இரண்டு பத்தியாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டும் என்று ஒரு பக்கம், வேண்டாம் என்று ஒரு பக்கம். இரண்டிலும் ஆறு ஆறு காரணம். வேண்டாம் என்ற பக்கத்தில் முதல் காரணம் உங்கள் மனைவியின் பெயர். வேண்டும் என்ற பக்கத்தில் முதல் காரணம் நஸீராவின் பெயர். கடைசியில், கோட்டுக்குக் கீழே, இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக, அந்தப் படத்தின் பெயர்.

“நோட்டுலயும் அதே படம்தான் அங்கிள் கடைசி. நீங்க அதப் பாத்தீங்களா? அதுல என்ன இருக்கு?” என்று கேட்டாள். நாளை நாலு மணிக்கு என் வீட்டுக்கு வா, சேர்ந்து பார்க்கலாம் என்றேன். என் குரல் எப்படி இருந்ததோ, அவள் மேலே கேட்கவில்லை.

நேற்று மதியம் சன்னல் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். முழுசாக, சார். எழுந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அந்த முதியவர் லாரியை விற்கவில்லை. ஊரைவிட்டுப் போகவில்லை. மருத்துவர் கொடுத்த தாளை மடித்து ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு, மறுநாளும் தண்ணீர் கொண்டுபோகிறார். சிகிச்சை எடுத்தால் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். வீட்டில் சொல்லவில்லை. ஒரே ஓர் ஆளிடம் சொல்கிறார். தண்ணீர் நிரப்பும் இடத்தில் வரிசையில் நிற்கும் இன்னொரு ஓட்டுநர், பல ஆண்டுக் கூட்டாளி. கேட்டதும் அந்தக் கூட்டாளி நல்லது கெட்டது எதுவும் பேசவில்லை. எப்போது போக வேண்டும், நானும் கூட வருகிறேன் என்று மட்டும் சொல்கிறான். முதியவர் சிரிக்கிறார். குழாயை மூடுகிறார். கடைசியில் அவர் போகாமல்தான் இருக்கிறார். ஆனாலும் கூட்டாளி கூட வருகிறேன் என்ற அந்த இடத்தில் உங்கள் தம்ப் டிரைவில் இருந்த படம் ஒரு கணம் தடுமாறி நின்று ஓடியது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்த பழைய வட்டுகள் அப்படித் தடுமாறும். தம்ப் டிரைவுக்கு அது பொருந்தாது என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

மழை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அரை மணி நேரம் இருக்கும்போது, இப்போது வரும் என்று நினைத்தேன். பத்து நிமிடம் இருக்கும்போது கைகளைப் பிசைந்துகொண்டிருந்தேன். வந்துவிடு என்று வாய்விட்டே சொன்னேன். பெயர்கள் ஓட ஆரம்பித்தன. அந்தப் படத்தில் ஒரு துளி மழை இல்லை.

ஒரே ஒரு முறை விதியை மீறியிருக்கிறீர்கள், சார். நமக்குள் வேண்டாம் என்ற யானையைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினீர்கள். நான் யானை ரொம்பப் பாவம் என்றேன்.

நான் சொன்னதை நம்பி நீங்கள் அந்த முடிவுக்குப் போனீர்கள் என்றுதான் கடிதத்தைப் பற்றிக் கேட்டதும் பயந்தேன். அந்தப் பயம் போய்விட்டது. அதைவிடப் பெரியது வந்திருக்கிறது. நீங்கள் என்னை நம்பவில்லை. என் பதிலைக் கணக்கில் சேர்க்கவில்லை. வருகை இல்லை என்று போட்டீர்கள். வருகை இல்லை என்றால் மறுதேர்வு உண்டு. அது உங்கள் சட்டம். இருக்கட்டும் சார் என்றது மறுதேர்வுக்கு. படம் இன்னும் இருக்குல்ல சார் என்றது மறுதேர்வுக்கு. மாதக் கடைசி வரைக்கும் மூன்று வியாழன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தீர்கள். ‘அதை நான் பார்க்கவே இல்லை சார், இந்த வாரம் பார்த்துவிடுகிறேன்’ என்று நான் சொல்லியிருக்க வேண்டியது அவ்வளவுதான்.

நான் பார்த்திருந்தால் நீங்கள் சம்மதித்திருப்பீர்கள் என்றோ, சம்மதித்திருந்தால் இன்று எதிரில் இருப்பீர்கள் என்றோ நான் சொல்ல மாட்டேன். உறுதியில்லாததை எழுதினால் அடிக்கோடிடுவீர்கள். எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். மருத்துவமனையில் எண் கூப்பிடும்வரை பக்கத்தில் உட்கார ஒருவன் வருவானா என்று பார்க்க நீங்கள் ஒரு படத்தை அனுப்பினீர்கள். பிடித்ததைச் சொன்னால் ஆள் தெரியும் என்றீர்கள். நீங்கள் சொன்னீர்கள். நான் தொடர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என் முன்னாள் மாணவர்களும் பேரப்பிள்ளைகளும் ஏதாவது பாட்டோ படமோ அனுப்பினால் உடனே திறந்துவிடுகிறேன். நேற்றுக் காலையிலிருந்து மூன்று வந்திருக்கின்றன. என் பேத்தி ஏதோ இரைச்சலான பாட்டு ஒன்றை அனுப்பி, “தாத்தா, திஸ் ஒன் ஐ லவ்” என்று எழுதியிருந்தாள். முழுசாகக் கேட்டேன். மறுபடியும் கேட்டேன். இதில் எந்த வரிக்காக இதை எனக்கு அனுப்பினாய் என்று அவளைக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. பதில் வராத ஒவ்வொரு நிமிடமும் எனக்கு நீளமாக இருக்கிறது.

மணி மூன்றரை. பூன் லே புளோக்குகளுக்கு மேல் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. என் மனைவி துணிகளை எடுக்க ஓடுகிறாள். தொலைக்காட்சியில் உங்கள் தம்ப் டிரைவைச் செருகி, படத்தைத் தொடக்கத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன். நஸீரா வந்து உட்கார்ந்ததும், படம் ஓடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். படம் முடிந்த பிறகு சொன்னால் அவளும் உங்களைப் போல என்னைப் பார்ப்பாள். அவள் எழுந்து போய்விடலாம். கீழ்த்தளத்தில் நான் சொன்ன பதிலை நினைத்து இனி இந்த வீட்டுப் பக்கம் வராமலும் போகலாம். அப்படிப் போனால் அதுவும் நியாயம்தான்.

போகாமல் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தால், முடிவில் அவளும் அந்தக் கேள்வியைத்தான் கேட்பாள். வாப்பா செஞ்சது சரியா அங்கிள் என்று. இப்போது படத்தைப் பார்த்துவிட்டேன், சார். விடை எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் சொல்லப் போகிறேன்.

அவள் செய்தி அனுப்பியிருக்கிறாள், லிஃப்டுக்குக் காத்திருக்கிறாளாம். காலையிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை, பாடம் ஒப்பிக்கும் பிள்ளையைப் போல, சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அன்னிக்கு நான் போனேம்மா, ஆனா படத்தப் பாக்கல. மழைக்கு முன்னால் வரும் காற்று கதவை அடித்துச் சாத்துகிறது. திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.